ஆளில்லாத திடலில் ஆவுடையான் பேசியது

முன்னொரு காலத்தில், அகலமான ஓர் ஆற்றின் கரையில் இருந்த நாட்டைச் சேந்தவர்மன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதையாவது பார்த்துவிட்டால் அது தன் நாட்டிலும் இருந்தாக வேண்டும் என்று அடம் பிடிப்பான். பக்கத்து நாட்டில் மயில் பார்த்தால் இங்கே மயில் வரும். அங்கே நீராழி மண்டபம் பார்த்தால் இங்கே குளம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த ஆண்டு பக்கத்து நாட்டுத் திருவிழாவுக்குப் போய் வந்தவன், மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் சபையில் சொன்னான்:

"அந்த நாட்டில் ஒருவர் மேடையேறிப் பேசினார். பத்தாயிரம் பேர் கேட்டார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை. முடிந்தபோது என் கண்ணிலேயே நீர் வந்துவிட்டது. நம் நாட்டில் அப்படிப் பேச யார் இருக்கிறார்கள்?"

சபை முழுவதும் திருமேனியாரைப் பார்த்தது. அரசாணைகளை ஊருக்குப் படித்துச் சொல்லும் அதிகாரி அவர்தான். பறை அறைபவர்கள் அவர் சொன்னால்தான் அறைவார்கள். கணீரென்ற குரல், விரிந்த மார்பு, கைநிறைய மோதிரம். போன மாதம்தான் கால்வாய் திறப்பு விழாவில் இரண்டு நாழிகை பேசியிருந்தார்.

மன்னன் விகடகவி ஆவுடையானைக் கேட்டான். "திருமேனியாரின் பேச்சை நீயும் கேட்டாய் அல்லவா? எப்படி இருந்தது?"

ஆவுடையான் எழுந்து வணங்கினான். "மன்னா, ஊரில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் எல்லாரும் அவரை வாழ்த்துகிறார்கள். பிறந்ததிலிருந்து தூங்காத பிள்ளைகள் எல்லாம் அன்றைக்குத்தான் தூங்கினவாம்."

சபை குலுங்கிச் சிரித்தது. மன்னன் சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். திருமேனியாரும் சிரித்தார், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. அவர் மெல்ல எழுந்தார்.

"மன்னர் பெருமானே, குறை சொல்வது எளிது. ஆவுடையாரே பேசட்டும். ஆற்றுமணல் திடலில், ஊர் முன்னால், ஒரு நாழிகை."

"ஆகா!" என்றான் மன்னன். அவனுக்குப் புது மயில் கிடைத்துவிட்டது.

திருமேனியார் ஓலையை எடுத்துத் தம் கையாலேயே எழுதி, எல்லாருக்கும் கேட்கப் படித்தார். "ஒரு நாழிகை நேரம் பேச வேண்டும். பேசி முடிக்கும்வரை திடலில் கூடியிருப்போரில் ஒருவரும் எழுந்து போகக் கூடாது. ஒருவரும் உறங்கக் கூடாது. ஒருவரும் சிரிக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் ஆவுடையார் இந்த நாட்டை விட்டு நீங்க வேண்டும்."

கடைசி வரியைக் கேட்டு ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஆனால் மன்னன் ஆசையின் வேகத்தில் முத்திரை வைத்துவிட்டான். "ஏழு நாள் அவகாசம்" என்றான்.

ஆவுடையான் வழக்கம்போல ஏதாவது சொல்வான் என்று சபை காத்திருந்தது. அவன் வணங்கிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

அவனுடைய சிக்கல் யாருக்கும் தெரியாது. யாராவது கேட்டால் அவனுக்குப் பதில் வரும். கேள்வி முடிவதற்குள் நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஆனால் கேள்வியே இல்லாமல், கூட்டத்தின் முன் நின்று தானாகத் தொடங்கு என்றால் ஒரு சொல் வராது. இருபது வயதில் கோயில் விழாவில் ஒருமுறை பேச நின்றான். விழித்து விழித்துப் பார்த்தான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தான் வேண்டுமென்றே வரவழைத்ததுபோல நடித்துச் சமாளித்தான். அன்று தொடங்கியதுதான் இந்த விகடப் பிழைப்பு.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனான். கதவைத் தட்ட வேண்டியதில்லை, உள்ளே யாரும் இல்லை. அவன் மனைவி வடிவு இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. சபையில் யாருக்கும் அவள் இறந்தது தெரியாது. தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவன் வாயாலேயே பிறகு கேட்பீர்கள். சபையில் அவன் இன்னும் "என் மனைவி நேற்று வைத்த குழம்பு இருக்கிறதே..." என்றுதான் தொடங்குவான். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு வீட்டுக்கு வந்து, தானே வைத்த குழம்பைத் தனியாகச் சாப்பிடுவான்.

அடுத்த நாள் முதல் அவன் பேசிப் பழகினான். குடம், தவலை, சொம்பு எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாக வைத்து, அவற்றைக் கூட்டமாக நினைத்துக்கொண்டு நின்றான். "பெரியோர்களே" என்றான். அதற்கு மேல் வரவில்லை. மறுநாளும் "பெரியோர்களே." ஐந்தாம் நாள் தவலையைப் பார்த்து, "நீயாவது ஏதாவது கேளேன்" என்றான். தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பியதைக் கேட்டதும், பாத்திரங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

ஆறாம் நாள் துணிகளை மூட்டை கட்டினான். இந்த நாட்டை விட்டால் அவனுக்கு வேறு யாரையும் தெரியாது. சபையிலே சிரிக்கிறவர்கள் நண்பர்கள் இல்லைதான். ஆனாலும் நாளில் ஒருமுறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

திருமேனியாரோ அத்தோடு விடவில்லை. ஒருவேளை பயல் பேசிவிட்டால்? ஏழாம் நாள் விடியற்காலையில், அரண்மனைப் பக்கம் மட்டும் விட்டுவிட்டு, ஊரெங்கும் பறை அறைவித்தார். "யானைக்கு மதம் பிடித்துவிட்டது! யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது! ஆற்றுப் பக்கம் தலைகாட்டக் கூடாது!" ஊர் கதவைச் சாத்திக்கொண்டது.

முற்பகல் வேளை. மன்னன் பட்டத்து யானைமேல் ஏறி, சபையோர் சூழத் திடலுக்கு வந்தான். மேடைக்கு எதிரே அவனுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலில் அமர்ந்து பார்த்தால், மணல் வெறுமையாகக் கிடந்தது. கொக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது.

"மக்கள் எங்கே?" என்றான் மன்னன்.

திருமேனியார் வருத்தப்படுவதுபோலத் தலையை ஆட்டினார். "என்ன சொல்வது, பெருமானே! ஆவுடையார் பேசுகிறார் என்றதும் ஒருவரும் வரவில்லை. கேட்க ஆளில்லாத பேச்சு என்ன பேச்சு? அவர் தோற்றதாகவே கொள்ளலாம்."

ஆவுடையான் மேடைமேல் நின்றிருந்தான். கூட்டம் இல்லை என்றதும் முதலில் அவனுக்கு நெஞ்சு லேசானது. அடுத்த கணமே கனத்தது. என்னைக் கேட்க இந்த ஊரில் ஓர் ஆள்கூட இல்லையா? அந்த வருத்தத்தோடேயே, கேள்வி வந்துவிட்டதால் பதிலும் வந்தது.

"மன்னா, அந்த ஓலையை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்."

திருமேனியார் படித்தார். "ஒருவரும் எழுந்து போகக் கூடாது..."

"திடலிலிருந்து ஒருவரும் எழுந்து போகவில்லை."

"ஒருவரும் உறங்கக் கூடாது..."

"ஒருவரும் உறங்கவில்லை."

"ஒருவரும் சிரிக்கக் கூடாது..."

"கொக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மன்னா. ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் இத்தனை பேராவது இருக்க வேண்டும் என்று ஓலையில் இல்லையே!"

மன்னனுக்குச் சிரிப்பு முட்டியது. ஓலை நினைவுக்கு வந்து, மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டான். திருமேனியார் பல்லைக் கடித்தார்.

"அப்படியே ஆகட்டும். ஆனால் ஒரு நாழிகை பேச வேண்டும் என்றும் ஓலையில் இருக்கிறது. பேசட்டும்!"

நாழிகை வட்டிலை நீரில் மிதக்க விட்டார்கள். அடியில் சிறு துளையுள்ள செம்புக் கிண்ணம் அது. நீர் ஏறி மூழ்கினால் ஒரு நாழிகை. ஆவுடையான் மணலைப் பார்த்தான். "பெரியோர்களே" என்றான். காற்று அடித்தது. கூடத்தில் பாத்திரங்களின் முன் நின்றதைவிட இது மோசமாக இருந்தது. பந்தலில் இருந்தவர்கள் அவன் வாயையே பார்த்தார்கள். வட்டிலில் கால்பங்குகூட நீர் ஏறவில்லை. மறுபடியும் "பெரியோர்களே" என்றான்.

அப்போது ஆற்றங்கரையிலிருந்து ஒருவன் மேலே ஏறி வந்தான். பரிசல்காரன் செவந்தான். அக்கரையிலிருந்து வந்தவன், அதனால் பறை கேட்கவில்லை. பரிசலில் ஏற ஒருவரும் வராததால் என்னவென்று பார்க்க வந்திருந்தான். பந்தல் அவனுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. மேடையில் தனியாக நிற்கிறவனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்:

"என்னங்க, ஊரே வெறிச்சோடிக் கெடக்கு? யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?"

"என் மனைவி" என்றான் ஆவுடையான்.

அது எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. செவந்தான் சிரிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மணலில் உட்கார்ந்தான்.

"அடப்பாவமே. எப்பங்க?"

"மூன்று வருஷம் ஆச்சு."

"என்ன செஞ்சுது?"

"காய்ச்சல். ஐப்பசி மழையில் வந்தது. நாலு நாள்தான்."

"கூடவே இருந்தீங்களா?"

ஆவுடையான் மேடையின் விளிம்புக்கு வந்தான்.

"இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். அன்று காலை அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. மன்னருக்கு மனம் சரியில்லை, வந்து சிரிக்க வை என்று. 'போய்ட்டு வா, நான் எங்க போகப்போறேன்' என்றாள் வடிவு. போனேன். சிரிக்க வைத்தேன். மத்தியானம் திரும்பி வந்தேன். 'இன்னிக்கு என்ன சொன்னே?' என்று கேட்டாள். தினமும் கேட்பாள். சொன்னேன். உதடு கொஞ்சம் விரிந்தது. தண்ணீர் வேண்டும் என்றாள். சொம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள்."

செவந்தான் "ம்" கொட்டினான். அந்த ஒரு "ம்" போதுமாக இருந்தது. ஆவுடையான் சொல்லிக்கொண்டே போனான். அவள் உப்பை அள்ளிப் போடுவதை, கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மியில் மிளகாய் அரைப்பதை, தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் முதலில் எட்டிப் பார்ப்பதை. குரலை உயர்த்தவில்லை. கையை வீசவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் சொன்னான், அவ்வளவுதான்.

திடலை ஒட்டிய தெருவில் ஒரு சன்னல் திறந்தது. யானையின் பிளிறலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு மனிதக் குரல்தான் கேட்டது. ஒருத்தி வாசலில் நின்றாள். பிறகு இறங்கி வந்து செவந்தானுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டார் வந்தார்கள். சத்தமில்லாமல், ஒருவர் பின் ஒருவராக, மணல் நிரம்பத் தொடங்கியது. ஆவுடையான் அவர்களைக் கவனிக்கவில்லை. பேச்சு இன்னும் செவந்தானிடம்தான் நடந்துகொண்டிருந்தது.

"அப்புறம் யாரிட்டதான் சொல்லி அழுதீங்க?" என்று கேட்டான் செவந்தான்.

"பத்து நாள் கழித்துச் சபைக்குப் போனேன். 'மன்னா, என் மனைவி இறந்துவிட்டாள்' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மன்னர்தான் அதிகம் சிரித்தார். 'அப்புறம்?' என்று கேட்டார். கேட்டால் எனக்குப் பதில் வந்துவிடும், அதுதான் என் சாபம். 'அப்புறம் என்ன மன்னா, இனிமேல் குழம்பில் உப்பு சரியாக இருக்கும்' என்றேன். இன்னும் சிரித்தார்கள். அப்படிச் சொன்ன வாயால் மூன்று நாள் சோறு தின்ன முடியவில்லை. அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் இருப்பதுபோலவே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்."

செம்புக் கிண்ணம் மூழ்கிய 'க்ளுக்' என்ற ஓசை பந்தல்வரை கேட்டது. யாரும் அசையவில்லை.

மன்னன் தலை குனிந்திருந்தான்.

அந்த அமைதியைத் திருமேனியாரால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "நீங்களெல்லாம் எப்படி வெளியே வந்தீர்கள்? மதயானை திரிகிறது, வெளியே வரக் கூடாது என்று விடியற்காலையில் பறை அறைவித்தேனே!"

மன்னன் நிமிர்ந்தான். "எந்த யானை?"

பட்டத்து யானை பந்தலுக்குப் பின்னால் சாதுவாகக் கரும்பு தின்றுகொண்டிருந்தது. திருமேனியார் அதைப் பார்த்தார், மன்னனைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார். "இது... இது இல்லை, பெருமானே. வேறு யானை. காட்டிலிருந்து வந்தது. பெரிய யானை."

மன்னனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஆவுடையா, இவரை என்ன செய்யலாம்?"

"மன்னா, அவர் பொய் சொல்பவர் அல்லர். காட்டு யானை ஊருக்குள் திரிவது ஆபத்து. அதன் அடையாளம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரே போய் அதைப் பிடித்துக்கொண்டு வரட்டும். பிடிக்கும்வரை சபைக்கு வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்."

பேச்சு முடிந்துவிட்டது, ஓலையும் நிறைவேறிவிட்டது. மன்னன் வாய்விட்டுச் சிரித்தான். சபை சிரித்தது, மணல் முழுக்கச் சிரித்தது. திருமேனியார் ஒரு கயிற்றோடு காட்டுப் பக்கம் அனுப்பப்பட்டார்.

மன்னன் பந்தலிலிருந்து இறங்கி மேடைக்கே வந்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையான் கழுத்தில் போட்டான். "வேறு என்ன வேண்டும்? கேள்."

"மாதத்தில் ஒரு நாள், மன்னா, நான் என்ன சொன்னாலும் சபை சிரிக்காமல் கேட்க வேண்டும்."

மன்னன் பழக்கத்தில் சிரித்துவிட்டான். பாதியில் ஆவுடையானின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பிறகு, "தந்தேன்" என்றான்.

அடுத்த மாதம் அந்த முதல் நாள் வந்தது. சபை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. ஆவுடையான் எழுந்து வணங்கினான்.

"மன்னா, எனக்கு நேற்றிலிருந்து தலைவலி" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னன் சிம்மாசனத்திலிருந்து எழுந்து வந்து, அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். "சாப்பிட்டாயா?" என்று கேட்டான்.

கேட்டால் உடனே பதில் சொல்கிற ஆவுடையானுக்கு அன்று மட்டும் பதில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.