'சிர்' என்ற சொல் இரண்டான கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கு ஒரு பொது மொழி இருந்தது. பெரிய மொழி ஒன்றுமில்லை. அதில் முக்கியமான சொல் 'சிர்'. காய்ந்த வாகை நெற்று காற்றில் குலுங்கும் சத்தத்திலிருந்து கரிச்சான் அதை உண்டாக்கியது. ஆபத்து என்று பொருள். கேட்டதும் எல்லோரும் மேலே பறந்துவிட வேண்டும். எங்கே, என்ன என்று கேட்பது மரியாதையில்லை. சொன்னவரை நம்பவில்லை என்றாகிவிடும்.

பாம்பும் பூனையும் மட்டும் வந்துகொண்டிருந்தவரை தொல்லையில்லை. பிறகு வல்லூறு வந்தது. யாரோ 'சிர்' என்றார்கள். எல்லோரும் மேலே எழுந்தார்கள். தவிட்டுக்குருவிகளில் மூத்தவளை அது வானத்திலேயே பிடித்துக்கொண்டு போனது.

அவள் தங்கை பூழி கரிச்சானிடம் போனாள்.

"அண்ணே, மேலேயிருந்து வந்தா ஒரு சொல்லு, கீழேயிருந்து வந்தா ஒரு சொல்லு வேணும்."

"இருக்கிற ஒன்னையே உங்க கூட்டம் ஒழுங்கா சொல்றதில்லை. இதிலே ரெண்டா?"

"என் குஞ்சுங்க நாளைக்குக் கூட்டைவிட்டு இறங்குது அண்ணே."

"இறங்கட்டுமே. சொல்லு நான் செஞ்சது. அதிலே கை வைக்காதே."

பக்கத்துக் கிளையில் மைனா சிரித்தது. "வாய் மட்டும் இல்லேன்னா இவளை யாருக்குத் தெரியும்!"

மறுநாள் குஞ்சுகள் புல்லில் தத்திக்கொண்டிருந்தன. கரிச்சான் 'சிர்' என்றது. மரத்திலிருந்தவை எல்லாம் எழுந்தன. குஞ்சுகளும் சிறகை விரித்தன.

"எங்கே?" என்று கத்தினாள் பூழி.

காட்டில் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. பூழியே சுற்றிப் பார்த்தாள். புல்மேல் ஒரு நிழல் ஓடி வந்தது. "சிர்ரீ...!" என்று சொல்லை நீட்டிக் கத்திக்கொண்டே குஞ்சுகளை முள்புதருக்குள் தள்ளினாள்.

மேலே எழுந்தவர்களில் கரிச்சானின் மகன் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் கரிச்சான் தரையில் வந்து உட்கார்ந்தது. "அதை இன்னொரு தடவை சொல்லு" என்றது.

பூழி சொன்னாள். மேலேயிருந்து வந்தால் 'சிர்ரீ', பதுங்க வேண்டும். கீழேயிருந்து வந்தால் 'சிர்க்', பறக்க வேண்டும். கரிச்சான் இரண்டையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தது.

அன்று முதல்தான் கரிச்சான் அடுத்தவர் குரலைக் கேட்டுச் சொல்லிப் பழகுகிறது. தவிட்டுக்குருவிகளோ இலை அசைந்தாலும் ஒருவரையொருவர் எங்கே, எங்கே என்று கேட்கின்றன. நாம்தான் அதைச் சண்டை என்கிறோம்.