மின்னி இரண்டு வழியாகவும் இறங்கிய கதை

கல்லும் செம்பும் வவ்வாலும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மின்னி மேகத்தில் குடியிருந்தாள். அவளைப் பெற்ற மண்ணாத்தா மலைக்கு அடியில் இருந்தாள். மழை கறுத்துக்கொண்டு வந்தால் மின்னி மலை உச்சியில் இறங்கி, மலைக்குள் புகுந்து அம்மாவைப் பார்க்கப் போவாள்.

உள்ளே இரண்டு வழி. ஒன்று செம்பன் வழி. செம்புப் பாறை, அகலமாக, வழவழவென்று இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். இன்னொன்று கரிவழி. ஒரே இடுக்கு, உடம்பெல்லாம் உராயும். மின்னி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

செம்பனுக்கு அதில் பெருமைதான், ஆனால் பயமும் உண்டு. இவள் வராமல் போனால் களிம்பு ஏறிச் செத்துப்போவோமே என்று பயந்து ஒருநாள் சத்தியம் கேட்டான். அவளும் மண்ணைத் தொட்டு, உன் வழியை விடவே மாட்டேன் அண்ணே என்று சொல்லிவிட்டாள். அந்த மலையில் மண்ணைத் தொட்ட சத்தியம் சும்மா இல்லை. பொய்த்தால், சொன்னவளுக்கு ஒன்றும் ஆகாது. மண்ணாத்தாவின் கண் அவிந்துபோகும்.

ஐப்பசி அடைமழையில், கரிவழியில் குடியிருந்த வவ்வால் தன் குட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு உச்சிக்குப் பறந்து வந்தது.

"தாயி, குட்டி விறைச்சுப்போச்சு. பால் குடிக்க வாயைத் திறக்க மாட்டேங்குது. ஒரு தடவை எங்க வழியா வந்துட்டுப் போ. உன் சூடு பட்டாப் பிழைச்சுக்கும்."

முடியாது என்று சொல்லத்தான் மின்னி வாயெடுத்தாள். அந்தக் குட்டியின் காது சருகு மாதிரி துவண்டு கிடந்தது. அதைப் பார்த்து மனசு இளகி, செம்பனுக்குச் சொன்னதை மறந்தே போனாள். மறுபடியும் மண்ணைத் தொட்டாள்.

"வர்றேன். சத்தியம்."

வவ்வால் குட்டியோடு கீழே பறந்தது. மின்னியும் இறங்கினாள். வழி பிரியும் இடத்துக்கு வந்த பிறகுதான் பழைய சத்தியம் நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் அம்மாவின் கண் போய்விடும். என்ன செய்வேன் என்று கையைக் கூப்பி நின்றாள். மலைக்குள் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்கூட அந்தரத்தில் நின்றது.

செம்பன் வாசலில் மின்னி நுழைந்தாள். அதே இமைப்பில் கரி வாசலிலும் மின்னி நுழைந்தாள். வழி பிரியும் இடத்தில் யாரும் இல்லை.

செம்பன் நடுங்கிப்போனான்.

"நீ எனக்குள்ள இருக்கே. அங்கே கரிக்குள்ள முனகுறது யாரு?"

"அதுவும் நான்தான் அண்ணே."

"அப்போ என் பங்கைப் பிய்ச்சு அங்கே குடுத்துட்டியா?"

"தடவிப் பாரு. குறைஞ்சிருக்கா?"

தடவிப் பார்த்தான். என்றைக்கும் வருகிற அளவே வந்திருந்தாள். ஒரு மயிரிழை குறையவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

கரிவழியில் வவ்வால், என்ன தாயி, நூலாட்டம் வந்திருக்கியே என்று குறைப்பட்டுக்கொண்டது. உன் வழி இடம் விட்டது அவ்வளவுதான், வந்தது முழுக்க நான்தான் என்றாள் மின்னி. அவள் உராய்ந்து இறங்க இறங்கச் சுவர் வெதுவெதுத்தது. குட்டி கண்ணைத் திறக்காமலே பாலைத் தேடி வாய் வைத்தது.

கீழே இரண்டு வாசலிலும் ஒரே சமயத்தில் காலடி கேட்டது. மண்ணாத்தாவின் கண் பத்திரமாகத்தான் இருந்தது. அந்தக் கண்ணால் அவள் இரண்டு மகளைப் பார்த்தாள்.

"மின்னி" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

"ம்" என்றன இரண்டு வாயும்.

இரண்டும் நெருங்கி, ஒன்றுக்குள் ஒன்று போய், ஒருத்தியாக நின்றது. அம்மா உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்த்தாள். ஒரு துளி சிந்தவில்லை. சொல்லப்போனால், மற்ற நாளைவிட ஒரு நூலளவு கூடுதலாகவே வந்திருந்தாள்.

"எந்த வழியா வந்தே மகளே?"

அதற்கும் மின்னி "ம்" என்றுதான் சொன்னாள்.

அன்று முதல்தான், எத்தனை வழி பிரித்துவிட்டாலும் மின்சாரம் எதையும் ஒதுக்காமல், தாராளமான வழியில் நிறையவும் இடுக்கான வழியில் கொஞ்சமுமாக ஒரே இமைப்பில் இறங்கி, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. மழை கறுத்த மத்தியானத்தில் டிரான்ஸ்பார்மர் இருக்கும் தெருவில் தனியாக நடந்தால் இன்றைக்கும் கேட்கும், யாரோ கூப்பிட்டதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாய்கள் சேர்ந்து சொல்லும் அந்த "ம்".