செங்காலி கழற்றிய ஓடு

அல்லிக் குளத்தின் கரையில் செங்காலி என்றொரு நண்டு தனியாக வாழ்ந்துவந்தது. அதன் முதுகோட்டில் நீளமாக ஒரு கீறல். போன மழைக்காலத்தில் கல் சரிந்து செங்காலி அடியில் சிக்கியபோது, அதன் அக்கா கொடுக்கால் பற்றி இழுத்துக் காப்பாற்றியது. அப்போது விழுந்த கீறல் அது. அடுத்த வாரமே வந்த வெள்ளம் அக்காவை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்று முதல் செங்காலி அந்தக் கீறலை அடிக்கடி தடவும். இருவரும் பாசி மேய்ந்ததும், ஒரே புழுவுக்குச் சண்டை போட்டதும் நினைவுக்கு வரும்.

கோடை வந்தது. செங்காலி வளர்ந்துவிட்டது. ஓடு இறுக்கியது. மூச்சு முட்டியது.

"ஓட்டைக் கழற்று, செங்காலி! இதற்கு முன் எத்தனை ஓடு கழற்றியிருப்பாய்!" என்றது புதிதாகக் குடிவந்த தவளை.

"இதில்தானே அக்கா என்னை இழுத்துக் காப்பாற்றியபோது விழுந்த கீறல் இருக்கிறது, அண்ணே!"

உடம்பு கேட்குமா? மறுநாள் காலை ஓடு தானே பிளந்தது. செங்காலி பின்பக்கமாக நழுவி வெளியே வந்தது. உடம்பெல்லாம் மெத்தென்றிருந்தது. புது ஓடு கெட்டிப்பட நாலைந்து நாளாகும். அதுவரை வளைக்குள் ஒளிந்திருக்க வேண்டும்.

செங்காலியோ பழைய ஓட்டை இழுத்துப்போய் வளைக்குள் வைத்தது. பிறகு பார்த்தால் தனக்கு இடமில்லை! வாசலிலேயே படுத்துக்கொண்டது.

"கொக்கு வருகிறது! ஓட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போ!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தியது தவளை.

"மாட்டேன்! வெள்ளம் கொண்டுபோனது போதாதா?"

"அடி அசடே! உன் அக்கா அன்று காப்பாற்றியது உன்னையா, ஓட்டையா?"

செங்காலி திகைத்தது. கொக்கின் நிழல் மேலே விழுந்தது. சட்டென்று ஓட்டை இழுத்து வெளியே எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தது.

கொக்கு ஆசையோடு கொத்தியது. ஓடு நொறுங்கியது.

"சீ! வெறும் கூடு!" என்று பறந்துபோனது.

வளைக்குள் செங்காலி தேம்பி அழுதது. தவளை வாசலில் வந்து உட்கார்ந்தது.

"உன் அக்காவை நான் பார்த்ததில்லையே. எப்படி இருக்கும்?" என்று கேட்டது.

செங்காலி மெல்லச் சொல்லத் தொடங்கியது. அக்கா இடது கொடுக்கை ஆட்டி ஆட்டி நடக்கும். பெரிய புழுவைத் தான் எடுத்துக்கொள்வதாக மிரட்டிவிட்டு, கடைசியில் தங்கைக்கே தள்ளிவிடும். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை. பொழுது சாய்ந்தும் பேச்சு முடியவில்லை.

நம்மை நேசித்தவர்களின் நினைவு நெஞ்சிலேயே இருக்கும். அவர்கள் தொட்ட பொருளைக் காப்பதற்காக உயிரை விட வேண்டியதில்லை.