சேறு பூசிக்கொண்ட கரடி

இலுப்பைக் காட்டு அல்லிக் குளத்தில் மந்தாரை என்றொரு எருமை இருந்தது. தாயை இழந்த குட்டி எதுவானாலும் கடைசியில் மந்தாரையிடம்தான் வந்து சேரும். முயல்குட்டி, வாத்துக்குஞ்சு, அணில்பிள்ளை எல்லாம் அந்தக் கரையில்தான் வளர்ந்தன. யாராவது ஒரு நல்ல வீட்டுக்காரர் வந்து கேட்கும் வரை மந்தாரைதான் அவற்றுக்கு அம்மா.

அதே காட்டில் ஒரு குகையில் கம்பளியன் என்ற கரடி தனியாக வாழ்ந்தது. தேனுக்கும் குறைவில்லை, கிழங்குக்கும் குறைவில்லை. ஆனால் வீடு திரும்பினால் "வந்துட்டியா?" என்று கேட்க ஓர் உயிர் இல்லை. பாவம், குகைச் சுவரோடு பேசிப் பேசி அதற்கு அலுத்துவிட்டது.

ஒருநாள் காலையில் தண்ணீர் குடிக்கப் போன கம்பளியன், மந்தாரையின் விலாவில் ஒட்டிப் படுத்திருந்த ஒரு பூனைக்குட்டியைக் கண்டது. வெள்ளை உடம்பு, நெற்றியில் கறுப்பாய் ஒரு புள்ளி. பெயரும் பொட்டுதான். மழை வெள்ளத்தில் தாயைப் பறிகொடுத்த குட்டி அது. பார்த்த மாத்திரத்தில் கரடிக்குத் தலைகால் புரியவில்லை!

"அக்கா! அக்கா! இந்தக் குட்டியை எனக்குக் குடுங்க! கண்ணுக்குள்ள வச்சு வளர்க்கிறேன்!"

அது குதித்த குதியில் கரையிலிருந்த தவளைகளெல்லாம் தண்ணீரில் பாய்ந்தன. மந்தாரை மட்டும் எருமை மேல் மழை பெய்தாற்போல அசைபோட்டுக்கொண்டிருந்தது. எருமைதானே, வேறெப்படி இருக்கும்! ஆனால் அது கரடியின் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"சரி, கூட்டிட்டுப் போ. ஆனா பொட்டு பயந்த பிள்ளை. இது படுத்துக்கிடந்த கோணியையும் எடுத்துக்கோ. இங்கேயிருந்து எந்தப் பிள்ளை போனாலும் அதோட படுக்கையும் கூடவே போகும். கோணியை ஒரு மூலையில போட்டுட்டு நீ சும்மா இரு."

"இருக்கேன் அக்கா! சும்மாவே இருக்கேன்!"

"பொழுது சாயும்போது மேய்ச்சல் முடிஞ்சு அந்தப் பக்கமா வருவேன். அதுக்குள்ள பொட்டு உன் கையால ஒரு வாயாவது சாப்பிட்டிருக்கணும். இல்லேன்னா கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் நீ கேட்டு வரவே கூடாது!"

"ஒரு வாய் என்ன அக்கா, வயிறு முட்டச் சாப்பிடும்!"

கம்பளியன் குட்டியைத் தோளில் ஏற்றி, கோணியைக் கையில் எடுத்துக்கொண்டது. கால் தரையில் பாவவில்லை. "எனக்குப் பிள்ளை வந்தாச்சு! எனக்குப் பிள்ளை வந்தாச்சு!" என்று பாடிக்கொண்டே போனது. அந்தப் பாட்டு அண்டங்காக்கை கரியான் காதில் விழுந்தது.

சிவபூஜையில் கரடி புகுந்த கதையைச் சொல்வார்கள். இங்கே கரடியின் பூஜையில் காக்கை புகுந்தது!

"என்னப்பா கம்பளியா, விருந்து இல்லாமலா பிள்ளையை வீட்டுக்குள்ள விடுவே?" என்றது கரியான். "நாலு பேர் வந்து வாழ்த்த வேண்டாமா? நீ மீனைப் பிடிச்சு வை, ஊரை நான் கூப்பிடுறேன்! அது சரி, கையில என்ன? சீச்சீ, எருமை நாத்தம்! புதுப் பிள்ளைக்குப் பழைய கந்தலா? வர்றவங்க உன்னைத்தான் சிரிப்பாங்க!"

கரடிக்கு வெட்கமாகிவிட்டது. சும்மா இருக்கச் சொன்ன சொல் பறந்தே போனது. பிள்ளையைக் குகையில் இறக்கிவிட்டு ஓடைக்கு ஓடியது. பூந்திக்கொட்டை போட்டு, கல்லில் அடித்து, கோணியைத் துவைதுவையென்று துவைத்தது. வெயிலில் காயவைத்து, மேலே காட்டுமல்லிகையைத் தூவியது. குகையைப் பெருக்கியது. ஒரு கூடை மீனும் பிடித்தது.

நண்பகலில் காடே திரண்டு வந்துவிட்டது! மரங்கொத்தி தாளம் போட்டது. மயில் அகவியது. குரங்குகள் "எங்கே பிள்ளை? எங்க கையில குடு!" என்று குட்டியைப் பிடித்து இழுத்தன.

பொட்டு வெலவெலத்துப் போனது. துள்ளிக் குதித்து, பாறை இடுக்கு ஒன்றில் புகுந்துகொண்டது.

"வா கண்ணு! தேன் தர்றேன்! மீன் தர்றேன்!" கரடி கெஞ்சக் கெஞ்ச, குட்டி உள்ளே உள்ளே போனது.

"பசிச்சா தானா வரும்ப்பா! அதுக்காக வந்தவங்க காத்திருக்க முடியுமா?" என்றது கரியான். பந்திக்கு முந்தியதும் அதுதான். திரும்பிப் பார்ப்பதற்குள் கூடையில் செதில்தான் மிச்சம்!

"போங்க! எல்லாரும் வெளியே போங்க!" கரடி போட்ட உறுமலில் ஒரு நொடியில் குகை காலி.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இடுக்கிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"என் கோணி எங்கே?"

"இதோ இருக்கே கண்ணு! உனக்காக வெளுத்து வச்சிருக்கேன், பாரு!"

"அது என்னோடது இல்லை. அதுல அம்மா வாசம் இல்லை."

கரடிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மண்ணுக்கடியில் இருக்கும் கறையானையே மோப்பம் பிடிக்கிற மூக்கு! அந்தக் கோணியில் இருந்தது எருமை நாற்றமில்லை, பொட்டுவின் வீடு என்பது அதற்குத் தெரியாமல் போயிற்றே! வந்த பிள்ளையின் வீட்டைத் தன் கையாலேயே துவைத்து ஓடையில் விட்டிருந்தது.

எடுத்தது ஓட்டம்! முள்ளைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்க்கவில்லை. குளத்தில் மந்தாரை இல்லை, மேய்ச்சலில் இருந்தது. அது புரண்டு எழுந்த சேறுதான் கரையில் கிடந்தது. கரடி மூக்கை வைத்துப் பார்த்தது. அதே வாசம்!

"ஐயோ, இதுல தோய்ச்சு எடுக்கக் கோணியை எடுத்துட்டு வரலியே!"

திரும்பிப் போய் வரப் பொழுது இல்லை. கரடி தன் உடம்பைக் குனிந்து பார்த்தது. இவ்வளவு மயிர் இருக்கும்போது கோணி எதற்கு? தொப்பென்று சேற்றில் விழுந்தது! இப்படிப் புரண்டது, அப்படிப் புரண்டது. காதுக்குள்ளும் சேறு, நகத்துக்குள்ளும் சேறு! எழுந்து ஒரு கெண்டை மீனைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடியது. வழியெல்லாம் குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. சிரித்தால் சிரிக்கட்டும்!

பெருக்கி வைத்த தரையெல்லாம் சேறாக, கம்பளியன் குகைக்குள் போய்ப் படுத்தது. மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. கூப்பிடவில்லை. கெஞ்சவில்லை. மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகச் சும்மா இருந்தது.

இடுக்கில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு மீசை. பிறகு நெற்றிப் பொட்டு! மெல்ல மெல்ல வந்த குட்டி, கரடியின் வயிற்றை மோந்தது. மறுபடியும் மோந்தது. கையிலிருந்த மீனைக் கடித்தது. ஒரு வாய், இன்னொரு வாய்! கரடிக்கு ஆனந்தத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டது.

பொழுது சாயும்போது மந்தாரை வாசலில் வந்து நின்றது.

"யாரது உள்ளே? என் கூடப்பிறந்தது மாதிரி இருக்கே!"

"நான்தான் அக்கா..." கரடி குரலை அடக்கிக்கொண்டு கிசுகிசுத்தது. "கோணியைத் துவைச்சுட்டேன். தப்புதான். மெதுவாப் பேசுங்க, பிள்ளை தூங்குது!"

மந்தாரை கரடியைப் பார்த்தது, மீன் முள்ளைப் பார்த்தது. "பொட்டு, அம்மாகூட வர்றியா?" என்றது.

பொட்டு ஒரு கண்ணைத் திறந்தது.

"நாளைக்கு இவரையும் கூட்டிட்டு உங்களைப் பார்க்க வர்றேன் அம்மா. இப்போ தூக்கமா வருது!"

சொல்லிவிட்டு, சேறு காய்ந்த வயிற்றில் இன்னும் சுருண்டு படுத்துக்கொண்டது.

நம்மை நம்பி வருகிறவருக்கு நம் விருப்பப்படி விருந்து வைப்பதைவிட, அவர் மனம் அறிந்து இடம் கொடுப்பதே உண்மையான அன்பு.