சுடுகிறதென்று யாரும் சொல்லவில்லை

தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக்குழாய் ஒன்றைச் சபேசனின் கம்பெனி செய்தது. நுனியில் இருந்த பல்பு நோயாளிகளைச் சுட்டது. அதை இடம் மாற்ற வேண்டும் என்றாள் அங்கே வடிவமைப்பு செய்யும் பிலோமினா.

"பயந்தாங்கொள்ளிங்க பேச்சு அது. நாளைக்கு இதைப் பார்க்க வர்ற டாக்டர்கள் முன்னால சுடுதுன்னு ஒருத்தர் சொன்னாலும் உனக்கு வேலை கிடையாது" என்றார் சபேசன்.

மறுநாள் டாக்டர்கள் வந்ததும் பிலோமினா குழாயை அவரிடமே நீட்டினாள். "நீங்களே காட்டுங்க சார்."

சபேசன் பெருமையாக வாயைத் திறந்து குழாயை உள்ளே விட்டுக்கொண்டார். விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் அவர் கண் கலங்கியது, கைகள் காற்றில் அலைந்தன.

"பாருங்க டாக்டர், சார்கூடச் சொல்லலை" என்றாள் பிலோமினா. "இது உள்ள இருக்கிறவரை யாராலயும் சொல்ல முடியாது."

சபேசன் வாயிலிருந்து குழாயைப் பிடுங்கினார். "சுடுது" என்றார்.

அவள் பையிலிருந்து இன்னொரு குழாயை எடுத்தாள். அதில் பல்பு கைப்பிடிக்குள் இருந்தது. கண்ணாடி இழை வெளிச்சத்தை மட்டும் நுனிக்குக் கொண்டுபோனது.

டாக்டர்கள் காத்திருந்தார்கள். சபேசன் மெதுவாக வாயைத் திறந்தார்.