சடையப்பன் சோலையைத் தாண்டியது

“எனக்குக் கோபம் போகலை தாயி. போகவும் போகாது,” என்றார் சடையப்பன்.

தங்கமாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். மலைமேல் தகரம் போட்ட ஒரு கூரை, அதுதான் அவள் மடம். அவள் குரு, அவர் சீடர். ஆனால் வயசில் அவர்தான் மூத்தவர். அதனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

“போகலைன்னு யாரு சொன்னா?”

“நான்தான் சொல்றேன். என் கோபம் எனக்குத் தெரியாதா?”

சடையப்பன் லாரி ஓட்டினவர். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு சொல் சொன்னார்கள் என்று, பந்தி நடுவே சாம்பார் வாளியை உதைத்தவர். மணக்கோலத்தில் மகள் அழுததைப் பார்த்தார். இந்தக் கோபத்தை விட்ட பிறகுதான் உன் வீட்டு வாசல் மிதிப்பேன் என்று சொல்லிவிட்டு மலையேறி வந்தவர், இன்னும் இறங்கவில்லை.

இப்போது பேரனுக்குக் காதுகுத்து. அப்பா வந்தால்தான் குத்துவேன் என்று மகள் ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்.

“விடிஞ்சா காதுகுத்து. அங்கேயும் போய் ஒரு வாளியை உதைக்கவா? வரலைன்னு சொல்லிடுங்க.”

“சொல்லிடலாம். முதல்ல வாங்க, சோலைக்குள்ள நடந்துட்டு வருவோம். மாசி மாசம், பூத்துக் கிடக்குதாம். உங்க மூட்டையையும் எடுத்துக்குங்க.”

“நடக்கறதுக்கு மூட்டை எதுக்கு?”

“லோடு இல்லாம உங்களுக்கு ஓடாதே அண்ணே.”

அது வனத்துறையின் காப்புக்காடு. நுழைகிற இடத்தில் காவலுக்கு ஒரு இளவட்டம் நின்றான்.

“யோவ் பெருசு, மூட்டையைப் பிரி.”

பிரித்தார். வேட்டி, துண்டு, சீப்பு. எல்லாவற்றையும் மண்ணில் உதறிப் போட்டான்.

“பூப் பறிக்கக் கூடாது. சருகைக்கூட எடுக்கக் கூடாது. காது கேக்குதா?”

“கேக்குது தம்பி.”

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நிமிரும்போது அவன் முகத்தைப் பார்த்தார். “கண்ணு செவந்து கிடக்கே, ராத்திரிக் காவலா? கொஞ்சம் நிழல்ல உக்காருப்பா.”

தங்கமாயி அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

காட்டுக்குள் போனதும் ஒதுங்கி நின்றாள். “முன்னால நடங்க. எங்க மலையில குறை உள்ளவர்தான் முன்னால போகணும்.”

“ஏன்?”

நாலடி வைத்ததும் ஏன் என்று தெரிந்துவிட்டது. புதுசாகக் கட்டின சிலந்தி வலை முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

“இதுக்குத்தானா?”

“இத்தனை நாளா என் மூஞ்சியிலதானே ஒட்டுச்சு. இன்னைக்கு உங்க முறை.”

சடையப்பன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த வலையில் போய் மாட்டினார்.

உள்ளே இருட்டு. பாசி ஏறின மரங்கள், ஈரச் சருகு, வழுக்குகிற வேர். மேலே எங்கேயோ தேனீ இரைச்சல். லாரி ஓட்டினவர் கண் தடத்தை விட்டு எழும்பவில்லை. ஒன்றிரண்டு சிவப்பு இதழ் கிடந்தது, மிதித்துக்கொண்டு நடந்தார்.

“தாயி, பூத்திருக்குன்னீங்க. ஒரு பூவையும் காணோம்.”

“அப்படியா?”

“வெறும் சருகும் சகதியும். எவனோ உங்ககிட்ட புளுகியிருக்கான்.”

“இருக்கும். நடங்க.”

மூச்சு வாங்கியது. முழங்கால் நொந்தது. ஏறினார், ஏறினார், கடைசியில் மரம் முடிந்து புல்மேடு வந்தது. வெயில் பளீரென்று அடித்தது. அந்தப் பக்கம் கீழே தார்ரோடு தெரிந்தது.

மேட்டு உச்சியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “ஏறிட்டேன். ஆனா பூ இல்லை.”

“அண்ணே, லாரி ஓட்டும்போது பின்னால பாக்க மாட்டீங்களா?”

“பாக்காம? அதுக்குக் கண்ணாடி இருக்கும்.”

“இங்க கழுத்து இருக்கே.”

சடையப்பன் திரும்பினார்.

அவர் நடந்து வந்த காடு முழுக்க, மர உச்சிகளில், செக்கச்செவேல் என்று பூத்துக் கிடந்தது. கொப்புக்குக் கொப்பு பூ. பூ இல்லாத இடத்தில் செந்துளிர். சரிவுக்குச் சரிவு அது இறங்கிப்போய், மூடுபனிக்குள் முடிந்தது.

“இதுக்கு அடியிலயா வந்தேன்?”

அவள் வேறு ஒன்று கேட்டாள்.

“கீழே அந்தக் காவல்காரப் பையன் உங்களை என்னன்னு கூப்பிட்டான்?”

சடையப்பன் யோசித்தார். “என்னமோ கூப்பிட்டான். பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கான்.”

சொன்னவர் அப்படியே நின்றார். காட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. மகள் ஊர் வழியாகப் போகிற பஸ்.

மூட்டையைத் தோளில் போட்டார். முழங்கால் வலிக்கிற மனுஷன், கையை ஆட்டிக்கொண்டு அந்தப் புல்சரிவில் ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தங்கமாயி மேலே நின்று கத்தினாள். “அண்ணே, முகமெல்லாம் வலை. துடைச்சுட்டுப் போங்க.”

“இருக்கட்டும் தாயி,” ஓடிக்கொண்டே சொன்னார். “எம் பேரன் துடைப்பான்.”