நஞ்சப்பர் கண்ட ஒளிவட்டம்

பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். யார் வந்தாலும் முதலில் மோர் கொடுப்பதால், அங்கிருந்த துறவிக்கு மோர்ச்சாமி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் நஞ்சப்பருக்கு அறுபதுக்கு மேல். ஆயுசெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்து, இரண்டு வருடத்துக்கு முன்பு மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். சாயங்கால வழிபாட்டில் குத்துவிளக்கைச் சாமியின் முதுகுக்குப் பின்னால் வைப்பார்கள். கும்பிடுகிறவர்களின் பார்வை சாமியைத் தாண்டி விளக்குக்குப் போகட்டும் என்று ஏற்பாடு. நஞ்சப்பரின் பார்வை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. சாமியின் தலையைச் சுற்றி அவர் ஓர் ஒளிவட்டத்தைக் கண்டார்.

கண்டவர் சும்மா இருந்தாரா? ஊரெல்லாம் சொன்னார். கூட்டம் வந்தது. சாமியைக் கும்பிட்ட கையோடு நஞ்சப்பரையும் கும்பிட்டார்கள். பாவம், அவரை ஒருத்தர் கும்பிடுவது அதுதான் முதல் தடவை. மனுஷன் பூரித்துப்போனார்.

ஒருநாள் சாமியிடமே கேட்டார்.

"இத்தனை பேர் இருக்கறாங்க. அந்த ஒளி எனக்கு மட்டும் ஏனுங்க சாமி தெரியுது?"

"எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சவங்ககிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

சாமிக்கும் மேலே ஒரு பெரிய சாமி இருக்கிறார் போல என்று நஞ்சப்பர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். சாமி கூட்டிப்போன இடம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். அங்கே சிறுசு பெருசு எல்லாருக்கும் கண் பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது.

சாமி பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துகளைப் படித்தார். கடைசி வரியை அவர் தப்பும் தவறுமாகப் படிக்க, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சிறுமி மட்டும், தனக்கும் கண்ணாடி எழுதியிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

நஞ்சப்பர் பெரிய எழுத்துகளைப் படித்துவிட்டு, தேறிவிட்டோம் என்று எழுந்தார். டாக்டரம்மா விடவில்லை. சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைத்து, தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, கண்ணின் உள்பக்கம் வரைக்கும் பார்த்தார்.

"விளக்கைப் பார்த்தா சுத்தியும் வட்டமாத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்குது. எடுத்துட்டா அந்த வட்டம் போயிரும்."

நஞ்சப்பரின் முகம் செத்துப்போனது. வெளியே வந்து பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்றார். புரை முற்றினால் பார்வையே போய்விடும் என்று சாமி எடுத்துச் சொல்லியும் மசியவில்லை.

"போனாப் போகுதுங்க. அந்த ஒளியும் போயிட்டா அப்புறம் என்கிட்ட என்னங்க சாமி இருக்குது?"

"அது என்னோட ஒளியா இருந்தா, டாக்டரம்மாவால எப்படிங்க எடுக்க முடியும்?"

நஞ்சப்பர் யோசித்துப் பார்த்தார். அதுவும் சரிதான் என்று பட்டது. சாமியின் ஒளியை யாராலும் அசைக்க முடியாது என்று டாக்டரம்மாவுக்குக் காட்டிவிடும் வேகத்தில் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

இரண்டு கண்ணும் ஆறியபின், ஒரு சாயங்காலம் வழிபாட்டில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை. விளக்கை ஏற்றினார்கள். சுடர் வெறும் சுடராக நின்றது. வட்டம் இல்லை. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் சாமியின் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. புதுக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அழ வந்த நஞ்சப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"சாமி, ஒளி போயிருச்சுங்க. ஆனா நீங்க சிரிக்கறீங்க. எப்ப இருந்துங்க சிரிக்கறீங்க?"

"நீங்க வந்த நாள்ல இருந்துங்க."